பளபளப்பு முடியும் இடம்

கடையில் கண்ணைப் பறிக்கும் உறைகளுக்கும் மும்பையின் விக்ரோலிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அந்த உறைகள் கிழிபட்டு வந்து சேரும் குப்பை மேடும் விக்ரோலியின் எல்லையிலேயே இருக்கிறது.

மும்பை மத்திய ரயில் பாதையில் வடக்கே போகும் ஸ்லோ ரயில் காட்கோபரைத் தாண்டியதும் அடுத்து நிற்கும் நிலையம் விக்ரோலி. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்றால் தமிழர்களுக்குச் சட்டென்று விளங்கும். விக்ரோலிக்கு அந்த அளவு பெயர் கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு கம்பெனியின் முகவரி மட்டுமே. பூட்டு, பீரோ, ஃப்ரிட்ஜ், சோப்பு என்று எதையாவது வாங்கி அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர்கள், 'பிரோஜ்ஷாநகர், விக்ரோலி' என்ற பொடி எழுத்துகளைப் படித்திருப்பார்கள்.

நிலையத்துக்கு மேற்கே லால் பகதூர் சாஸ்திரி சாலை. அதைத் தாண்டினால் பார்க் சைட்டின் குன்றுச் சரிவுகள். குன்றுக்கு அந்தப் பக்கம் பவாய், ஐஐடி. கிழக்கே கோத்ரெஜ் குழுமத்தின் ஆலைகள், அலுவலகங்கள், ஊழியர் குடியிருப்புகள், மரங்கள் அடர்ந்த சாலைகள். கிழக்கு விரைவு நெடுஞ்சாலையைக் கடந்தால் தாணே கழிமுகம் வரை அலையாத்திக் காடு. மும்பையில் இத்தனை பச்சை மிச்சமிருப்பதே ஆச்சரியம்தான்.

காற்று திரும்பினால் படம் மாறுகிறது. வடக்கே காஞ்சூர்மார்கில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. மும்பையின் குப்பையில் பெரும்பகுதி இப்போது அங்கேதான் போகிறது. கன்னம்வார் நகரிலும் தாகூர் நகரிலும் குடியிருப்பவர்கள் இரவில் ஜன்னலைச் சாத்திக்கொள்வது கொசுவுக்காக மட்டுமல்ல. துர்நாற்றம் பற்றி அவர்கள் பல வருடங்களாகப் புகார் செய்துவருகிறார்கள். விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது.

சோப்பு, தலைச்சாயம், கொசு விரட்டி எல்லாம் விற்கும் கோத்ரெஜ் கன்ஸ்யூமர் புராடக்ட்ஸின் தலைமை அலுவலகம் விக்ரோலியில் இருக்கிறது. கடைவீதியில் ஒரு உறை எப்படி மின்ன வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தொழில் இதுபோன்ற அலுவலகங்களை நம்பித்தான் நடக்கிறது. மின்னி முடித்த உறை என்ன ஆகும் என்பதற்கு விடை சில கிலோமீட்டர் தூரத்தில் குவிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை.

பெட்டி பேசிய கதை

கிழக்கிந்தியக் கம்பெனி 1830-களில் ஃப்ராம்ஜி பனாஜி என்ற பார்சி வணிகருக்குக் கொடுத்த நிலம் இது. பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1940-களின் தொடக்கத்தில் இதை வாங்கினார். அவருடைய அண்ணன் அர்தேஷிர் 1897இல் லால்பாகில் பூட்டுத் தொழில் தொடங்கியவர். 1918இல் விலங்குக் கொழுப்பு சேராத, தாவர எண்ணெயில் செய்த சோப்பைக் கொண்டுவந்தார். 1922இல் வந்த 'நம்பர் ஒன்' சோப்பின் விளம்பரத்துக்கு ரவீந்திரநாத் தாகூரே பெயர் கொடுத்தார். சுதேசி காலம் அது. சோப்பின் குணத்தைவிட அது யாருடைய சோப்பு என்பது முக்கியமாக இருந்தது. உறை அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

விக்ரோலி செய்த மிகப் பிரபலமான பெட்டி ஒன்று கடைக்கே வரவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எஃகு வாக்குப் பெட்டிகள் இங்கே தயாராயின. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் அவரவர் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். எழுத்துத் தெரியாத வாக்காளர் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்.

படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும்; பெட்டியே பேசிவிட வேண்டும். பாக்கெட் தொழிலின் பாலபாடம் இது. இந்தியக் கடைவீதி இன்றும் அந்தப் பாடத்தில்தான் ஓடுகிறது. சிவப்புப் பாக்கெட், யானைப் படம் போட்டது, கிளி மார்க் என்று கேட்டு வாங்குபவர்கள் குறைந்திருக்கலாம், மறைந்துவிடவில்லை.

ரேக்கு முதல் ஹாலோகிராம் வரை

பளபளப்பின் மீது நமக்கு இருக்கும் ஆசை புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணனின் நகைக்குத் தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதிக்கிறார்கள். விளக்கொளி பட்டதும் படம் அசைவது போலிருக்கும். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தபோது, வாங்கியவர்கள் அச்சடித்த சேலையின் மேல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்தார்கள். அச்சால் முடியாததைக் கை செய்தது.

பிறகு இயந்திரம் அதையும் கற்றுக்கொண்டது. சிவகாசியில் தீப்பெட்டி லேபிளாகவும் பட்டாசுப் பெட்டியாகவும் வளர்ந்த அச்சுத் தொழில், காலண்டர் முருகனின் வேலுக்குத் தங்க ஃபாயில் ஒட்டியது. கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரைக் காகிதத்திலிருந்து புடைத்தெழச் செய்தது. சூடேற்றிய பித்தளை அச்சு, ஃபாயில் சுருளைக் காகிதத்தில் அழுத்துகிறது. அழுத்திய இடத்தில் மட்டும் பொன் ஒட்டிக்கொள்கிறது. தொட்டால் தனியாகத் தெரியும் பளபளப்பான எழுத்து இன்னொரு வித்தை. அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் பூசி, புறஊதா விளக்கின் கீழ் நொடியில் உலர வைக்கிறார்கள்.

ஹாலோகிராமின் கதை வேறு. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் கேபர் 1947இல் இங்கிலாந்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைச் சீர்செய்ய முயன்றபோது அந்தத் தத்துவத்தைக் கண்டார். லேசர் வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு. சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும் வானவில் ஹாலோகிராமை அமெரிக்காவில் ஸ்டீபன் பென்டன் 1968இல் உருவாக்கினார். அதை நிக்கல் தகட்டில் எடுத்து, பிளாஸ்டிக் ஃபிலிமில் முத்திரை குத்துவதுபோல் அழுத்திப் பிரதி எடுக்க வழி பிறந்தது. கிரெடிட் கார்டுகளில் 1983இலும், 'நேஷனல் ஜியாகரஃபிக்' அட்டையில் கழுகாக 1984 மார்ச்சிலும் அது வந்தது. தமிழ்நாட்டில் அதை அதிகம் பார்த்தவர்கள் டாஸ்மாக் வாடிக்கையாளர்களாக இருக்கலாம். சரக்கு போலி அல்ல என்பதற்கு மூடிமேல் ஒட்டிய ஸ்டிக்கர்தான் சாட்சி.

அந்த வானவில்லில் நிறமி என்று எதுவும் கிடையாது. மில்லிமீட்டருக்கு ஆயிரம் என்ற கணக்கில் நெருக்கமாக விழுந்த நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெள்ளை ஒளியைப் பிரித்துக் காட்டுகின்றன. பாக்கெட்டைச் சாய்த்தால் நிறம் ஓடுவது அதனால்தான்.

வெள்ளை மையின் ரகசியம்

பொட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷே பாக்கெட்டை வடிவமைப்பவருக்குப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவர் வேலை செய்யும் கம்ப்யூட்டர் திரையில் பளபளப்பு தெரியாது. உலோகம் பூசிய ஃபிலிமில் அச்சடித்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் மனசுக்குள்ளேயே பார்த்தாக வேண்டும்.

முதலில் ஃபிலிம். காற்றை வெளியேற்றிய அறையில் அலுமினியத்தை ஆவியாக்கி, ஓடும் பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல் படிய விடுகிறார்கள். படியும் உலோகத்தின் கனம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணாடிபோல் மின்ன அதுவே போதும்.

அடுத்தது மை. சாஷேவின் மை வெளியே இல்லை. தெளிவான மேல் ஃபிலிமின் உட்புறத்தில் தலைகீழாக அச்சாகிறது. நகத்தால் சுரண்டினாலும் அழியாததற்குக் காரணம் இதுதான். அதன் பின்னால் உலோக ஃபிலிம், அதற்கும் பின்னால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலிதீன். சிவப்பு மைக்குப் பின்னால் வெள்ளை மை இருந்தால் அது வெறும் சிவப்பு. வெள்ளையை எடுத்துவிட்டால் பின்னாலிருக்கும் உலோகம் மையை ஊடுருவி வரும். சிவப்பு மாணிக்கம்போல் ஜொலிக்கும். ஆகவே மினுமினுப்பை வடிவமைப்பது என்பது எங்கே வெள்ளை வைப்பது, எங்கே விடுவது என்ற கணக்குதான். பெயர் படிக்கத் தெளிவாக வேண்டுமா? பின்னால் வெள்ளை. பூ மின்ன வேண்டுமா? வெள்ளை வேண்டாம். முகத்துக்குப் பின்னால் வெள்ளை போட மறந்தால், ஷாம்பு அழகி தகரப் பொம்மை ஆகிவிடுவாள்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை. செம்பு முலாம் பூசி, நுண்குழிகள் வெட்டி, குரோமியம் ஏற்றிய இந்த உருளைகள் மலிவானவை அல்ல. எட்டு, பத்து நிறம் என்றால் அத்தனை உருளை வேண்டும். வெட்டிய பிறகு மனம் மாறினால் மறுபடி செலவு. சாஷேவின் ஓரத்தில் ஒரு சின்னக் கருப்புக் கட்டத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அது அலங்காரமல்ல. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடைக்கும் இயந்திரத்தின் மின்கண், எங்கே வெட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. டிசைனர் அதற்கும் இடம் விட வேண்டும். விலைக்கும் விட வேண்டும். விலைக்கு முன்னால் வரும் ரூபாய்க் குறியீடும் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சரக்குதான். பவாய் ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தில் ஆய்வு செய்த தமிழர் டி. உதயகுமார் வரைந்தது, மத்திய அரசு அதை 2010இல் ஏற்றது.

இத்தனை சிரமமும் ஒன்றிரண்டு நொடிகளுக்காக. பொட்டிக்கடையில் சரக்கை எடுத்துப் பார்த்து வாங்க வழியில்லை. வாங்குபவர் வெளியே நிற்கிறார். பாக்கெட் உள்ளே, ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் தொங்குகிறது. அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பாக்கெட் முதலில் கண்ணில் படும். பளபளப்புக்கு வேறு வேலையும் உண்டு. அலுமினியப் படிவம் ஈரத்தையும் வெளிச்சத்தையும் ஆக்ஸிஜனையும் தடுக்கிறது. சிப்ஸ் நமுத்துப்போகாமல் இருப்பதும், காபித்தூளின் மணம் நிற்பதும் அதனால்தான். வெறும் ஆடம்பரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

கடலூரில் பிறந்த பிரச்சினை

ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்குத் தமிழ்நாடு சொந்தம் கொண்டாடலாம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று நினைத்தவர். அவருடைய குடும்பத்தின் 'வெல்வெட்' ஷாம்பு சாஷேவில் வந்தது. 1983இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பன்னாட்டுக் கம்பெனிகளும் பின்னால் வந்தன. பாட்டில் வாங்க முடியாத கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஷாம்பு போனது. அது ஒரு சமூக மாற்றம் என்பதை மறுக்க முடியாது.

கிழித்த பாக்கெட்டை என்ன செய்வது என்று மட்டும் அப்போது யாரும் கேட்கவில்லை.

இதற்கான விடையைத் தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் தெரிந்துகொள்ளலாம். மும்பையின் பழைய பிளாஸ்டிக்கில் கணிசமான பகுதி அங்கே வந்து தரம் பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவி உலர்த்தி, மறுபடி குருணையாகிறது. தண்ணீர் பாட்டில், உடைந்த வாளி, எண்ணெய் கேன் என்று ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. தொட்டும் வளைத்தும், நெருப்பில் காட்டி முகர்ந்தும் இன்ன ரகம் என்று சொல்லிவிடும் தொழிலாளர்கள் உண்டு. பளபளக்கும் சாஷேவுக்கு மட்டும் அங்கே வாங்குபவர் கிடைப்பது அரிது.

காரணம் எளிமையானது. பாலியெஸ்டர் உருகுவது சுமார் 250 டிகிரி செல்சியஸில். பாலிதீன் அதில் பாதி சூட்டிலேயே உருகிவிடும். இரண்டையும் சேர்த்து ஒட்டிய பிறகு ஒன்றாக உருக்க முடியாது; கையால் பிரிக்கவும் முடியாது. இடையில் மை, பசை, அலுமினியம் வேறு. எடையோ ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கும் மேல் குனிந்து பொறுக்க வேண்டும். எந்த மினுமினுப்பு வாங்குபவரை இழுத்ததோ, அதைத் தூக்கி நிறுத்திய அடுக்குகளே பொறுக்குபவரை விரட்டுகின்றன. பாட்டில் தாராவிக்குத் திரும்புகிறது. சாஷே சாக்கடைக்கோ காஞ்சூர்மார்குக்கோ போகிறது.

குப்பையின் நாற்றத்துக்குச் சாஷே காரணமல்ல. அழுகும் உணவுக் கழிவுதான் நாறுகிறது. ஆனால் உணவுக் கழிவோடு பாக்கெட்டுகள் கலந்து கிடக்கும்வரை அதைச் சுத்தமான எருவாக்குவது கஷ்டம். அழுகியது எப்படியோ மண்ணாகிவிடும். பளபளத்தது அப்படியே கிடக்கும்.

சட்டம் சொன்னதும் மாற்றியதும்

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருடங்களில் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. 2018இல் விதி திருத்தப்பட்டது. எரித்துச் சக்தி எடுக்க முடியாத, வேறு எதற்கும் பயன்படாத ரகத்துக்கு மட்டுமே தடை என்றானது. எரியாத பிளாஸ்டிக் ஏது? சிமென்ட் சூளையில் எரிக்கலாம் என்றாலே தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள், பாக்கெட் போடும் கம்பெனியே அதைத் திரும்பச் சேகரித்து அப்புறப்படுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றன. பல அடுக்கு உறை அதில் தனி வகை.

குப்பையின் மறுமுனையில், காஞ்சூர்மார்கில், சண்டை நிலத்தைப் பற்றியது. 2025 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம், கிடங்குக்காகக் காட்டு அந்தஸ்து நீக்கப்பட்ட சுமார் 120 ஹெக்டேர் நிலம் பாதுகாக்கப்பட்ட காடுதான் என்று தீர்ப்பளித்தது. மாநகராட்சிக்கு மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மும்பையின் குப்பை நாளை எங்கே போகும் என்று கேட்டால் யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. 1927இல் தொடங்கிய தேவ்நார் கிடங்கு நிரம்பி வழிகிறது. 2016இல் அது எரிந்தபோது செம்பூர், கோவண்டி மக்கள் புகையில் தவித்தார்கள்.

மதுரை ஒரு வழி காட்டியது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக விட்டுத் தார் கலந்து சாலை போட்டார். சாஷே ஃபிலிமையும் அதில் சேர்க்கலாம். 2018இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. ஆனால் சாலைக்குப் போவதற்கும் யாராவது பாக்கெட்டைப் பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

வரைபலகையில் இருக்கிறது விடை

குப்பையில் போன பிறகு தேடுவதைவிட, டிசைன் போடும்போதே யோசிப்பது மலிவு. அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. அட்டைப் பெட்டிக்கு வானவில் வேண்டுமென்றால், வார்னிஷ் உலரும்போது வரிப்பள்ளம் கொண்ட ஃபிலிமை அதன்மேல் அழுத்தி எடுத்துவிடலாம். பள்ளங்கள் வார்னிஷில் பதிந்துவிடும். ஃபிலிமைப் பலமுறை திரும்பப் பயன்படுத்தலாம். பெட்டியில் உலோகமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. பழைய காகிதத்தோடு போகலாம். அப்ரகத் துகள் கலந்த மை முத்தின் மினுக்கைத் தரும். மங்கல் வார்னிஷும் பளபள வார்னிஷும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே கண் நிற்கும். ஃபிலிம்தான் வேண்டும் என்றால், எல்லா அடுக்கையும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் செய்யலாம். அவற்றுக்கு நடுவே இழையளவு அலுமினியம் இருந்தாலும் உருக்கித் திரும்ப எடுக்க முடியும். கொஞ்சம் பளபளப்பு குறையலாம்; கொஞ்சம் செலவு கூடலாம்.

சாஷே எப்போதும் வில்லன் என்றும் சொல்ல முடியாது. 2018இல் கோத்ரெஜ், தண்ணீரில் கரைத்துக் கை கழுவும் திரவமாக்கிக்கொள்ளும் பொடியைச் சின்னப் பாக்கெட்டில் 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வீட்டிலிருக்கும் பழைய பாட்டிலிலேயே கரைத்துக்கொள்ளலாம். புதிய பாட்டிலோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக்கும் குறைவு. லாரியில் ஏறும் எடையும் குறைவு. அந்தப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான் போகிறது என்பது வேறு விஷயம். ஆனால் உறையைப் பற்றி முன்கூட்டியே யோசித்தால் கணக்கு மாறும் என்பதற்கு அது உதாரணம்.

விற்பனைக்காரர்களின் பயம் புரிகிறது. பக்கத்துச் சரம் மின்னும்போது தன் சரம் மங்கினால் வியாபாரம் போய்விடும். ஒருவர் மட்டும் வெள்ளை மையைப் பரப்பி உலோகத்தைக் கைவிட்டால் அவர்தான் நஷ்டப்படுவார். எல்லோரும் சேர்ந்து கைவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோரையும் ஒரே நேரத்தில் அப்படிச் செய்ய வைக்க சட்டத்தால் மட்டுமே முடியும். அது 2018இல் பின்வாங்கியது.

விக்ரோலியில் மாலையில் அலுவலகங்கள் விடுகின்றன. நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்கின்றன. அவற்றில் சில, வடக்கே காஞ்சூர்மார்குக்குப் போகும் குப்பை லாரிகள். தார்ப்பாய் விலகிய இடத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு ஏதோ மின்னுகிறது. டிசைனர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மின்னுகிறது.